வர்ஜீனியாவின் 2018–19 கூடைப்பந்து சீசன்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் ஊர் மைதானத்துக்கு மாலையில் ஆட வரும் பையன்களிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி 2018-ல் அசிங்கப்பட்டு, 2019-ல் அமெரிக்கக் கல்லூரிக் கோப்பையை வென்ற கதை. சொல்லி முடித்ததும் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"காலேஜ் பசங்க ஆடுறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு கூட்டம்?"

அமெரிக்காவில் எல்லா மாநிலத்துக்கும் என்பிஏ (சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை லீக்) அணி இருப்பதில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் பல்கலைக்கழக அணிதான் ஊரின் அணி. அங்கே படித்தவர், படிக்காதவர், பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவர் எல்லோரும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில் சின்ன ஊர். அங்கே இந்த அணியின் அரங்கில் 14,000-க்கும் மேல் இருக்கைகள். 2019 இறுதி ஆட்டம் மினியாபொலிஸ் நகரின் ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள் நடந்தது, 72,062 பேர் பார்த்தார்கள்.

ஆடியவர்களுக்குச் சம்பளம் உண்டா என்பது இதன் வால் கேள்வி. அன்றைக்கு இல்லை, படிப்புச் செலவு மட்டும்தான். தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021-ல்தான் வந்தது.

"ரூல்ஸ் என்பிஏ மாதிரியேவா?"

கிட்டத்தட்ட. முக்கிய வித்தியாசம் நேரம். இங்கே நான்கு குவார்ட்டர் கிடையாது, 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். சமநிலையானால் 5 நிமிடம் ஓவர்டைம். என்பிஏயில் 24 வினாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும், கல்லூரியில் 30 வினாடி. இந்த 30 வினாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

"சீட், சீட்னு சொல்றீங்களே, அது என்ன?"

நவம்பரில் சீசன் தொடங்குகிறது. முதல் பிரிவில் அன்று 353 கல்லூரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கூட்டமைப்பைச் சேர்ந்தது. வர்ஜீனியா இருப்பது ஏசிசி எனப்படும் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பில், டியூக், நார்த் கரோலினா போன்ற பெரிய தலைகளோடு. மார்ச்சில் 68 அணிகளைத் தேர்ந்தெடுத்து நாக் அவுட் நடத்துவார்கள். அன்று 32 கூட்டமைப்புகளின் சாம்பியன்கள் நேராக உள்ளே வந்தார்கள், மீதி 36 இடங்களை ஒரு குழு முடிவு செய்தது.

நான்கு மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை வரிசை எண், அதுதான் சீட். முதல் சுற்றில் 1-க்கு 16, 2-க்கு 15 என்று மோதவிடுவார்கள். ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"2018-ல அப்படி என்னதான் ஆச்சு?"

1985-ல் இந்தப் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, 1-ம் சீட்டும் 16-ம் சீட்டும் 135 தடவை மோதியிருந்தன. 135-லும் 1-ம் சீட்டே வென்றது. 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில் வர்ஜீனியா ஆட வந்தபோது அது வெறும் 1-ம் சீட் அல்ல, 68 அணிகளுக்கும் மேலே வைக்கப்பட்ட முதல் அணி. அதுவரை 31 வெற்றி, 2 தோல்வி. எதிரே யூஎம்பிசி, அதாவது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம். பல அமெரிக்கர்களே அந்தப் பெயரை அன்று இரவுதான் தேடிப் பார்த்தார்கள்.

பாதி நேரத்தில் 21–21. முடிவில் 74–54. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகள் கொடுத்திருக்கிறார்கள், நாட்டிலேயே கெட்டித் தடுப்பு என்று பெயர் எடுத்த அணி! யூஎம்பிசியின் ஜைரஸ் லைல்ஸ் ஒருவரே 28 எடுத்தார். வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் 20 புள்ளி வித்தியாசத்துக்கு அதைச் சாக்காகச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

"இவ்வளவு அடி வாங்கியும் கோச்சை ஏன் தூக்கல?"

டோனி பென்னட் 2009-ல் வந்தபோது வர்ஜீனியா நடுத்தரமான அணி. ஏசிசியின் முன்வரிசைக்கு அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு இரவுக்காக அவரை அனுப்புவதாகப் பேச்சே எழவில்லை. தோற்ற அன்றும் சாக்குச் சொல்லாமல் எதிரணியைப் பாராட்டிவிட்டுத்தான் போனார்.

எனக்குப் பிடித்தது அவர் மாற்றிய விஷயமும் மாற்றாத விஷயமும். தடுப்பில் கை வைக்கவில்லை. தாக்குதலில் மட்டும், இரண்டு பெரிய ஆட்கள் மறித்து நிற்க மற்றவர்கள் சுற்றி ஓடும் பழைய முறையோடு, பந்து வைத்திருப்பவருக்கே ஸ்கிரீன் போடும் முறையையும் (அவரைத் தடுப்பவரின் வழியை உடம்பால் மறிப்பது) சேர்த்தார். கையில் பந்தோடு யோசிக்கத் தெரிந்த டை ஜெரோம் போன்ற ஆட்டக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

"பேக் லைன்னா ஜோன் டிஃபன்ஸ்தானே?"

இல்லை. மைதானத்தில் இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். வர்ஜீனியா ஆடிய பேக் லைன், ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் அல்ல, ஆளுக்கு ஆள் தடுப்புதான். டோனியின் அப்பா டிக் பென்னட் உருவாக்கியது. கூடையிலிருந்து சுமார் 16 அடி தூரத்தில் ஒரு வளைகோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவர் மட்டும் வெளியே போய் நெருக்க வேண்டும். மற்ற நால்வரும் தங்கள் ஆளைப் பார்த்தபடியே அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். உள்ளே புகுந்தால் எந்தப் பக்கமும் ஒரு தோள் இடிக்கும்.

குறை என்ன? வெளியே நிற்பவருக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். தூர ஷாட் கைகொடுக்கும் நாளில் எதிரணி கிழித்துவிடும். யூஎம்பிசி அப்படித்தான் கிழித்தது. டியூக்கும் அப்படித்தான், அது கீழே வரும்.

"இவங்க ஆட்டம் தூக்கம் வருதே சார்?"

வரும். நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணி அதுதான். மேலே சொன்ன 30 வினாடியில் பெரும்பகுதியைப் பந்தைச் சுற்றவிட்டே கழிப்பார்கள். மற்ற அணிகளுக்கு ஒரு ஆட்டத்தில் 70 தடவை போல பந்து கைக்கு வரும் என்றால் இவர்களுக்குச் சுமார் 60.

இதற்கு ஒரு விலை உண்டு. மழையால் 20 ஓவர் ஆட்டம் 5 ஓவராகச் சுருங்கினால் எந்த அணிக்குச் சந்தோஷம்? பலவீனமான அணிக்குத்தான். வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய பெரிய அணிக்கும் சின்ன அணிக்கும் உள்ள தூரமும் குறைகிறது. பின்தங்கிவிட்டால் துரத்துவதும் கஷ்டம். வர்ஜீனியா தெரிந்தே அந்த விலையைக் கொடுத்தது. அதனால்தான் அவர்கள் பெரிய ஆட்டங்கள் கடைசி வினாடி வரை இழுத்தன என்பது என் கட்சி. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

"அந்த வருஷ டீம்ல யார் யார் இருந்தாங்க?"

மூன்று தூண்கள். கைல் கை, ஸ்கிரீன்களைச் சுற்றி ஓடி வந்து எறிபவர். டை ஜெரோம், அவசரமே படாத பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர். டிஆண்ட்ரே ஹண்டர், யாரையும் தடுக்கக்கூடிய உயரமும் கால்களும் உள்ளவர். அந்தச் சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பயிற்சியாளர்கள் சங்கம் அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. அப்புறம் கினி நாட்டிலிருந்து வந்த மமாதி டியாகிட்டே, நியூசிலாந்தின் ஜாக் சால்ட், அலபாமாவிலிருந்து மாறி வந்த பிராக்ஸ்டன் கீ. புதிதாகச் சேர்ந்தவர் கிஹேய் கிளார்க், உயரம் 5 அடி 9 அங்குலம். நம் மைதானத்திலேயே அவரைவிட உயரமான பையன்கள் இருக்கிறார்கள்.

கைல் கை பற்றி ஒன்று. யூஎம்பிசி தோல்விக்குப் பிறகு தனக்கு இருந்த மனப் பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அந்த இரவில் யூஎம்பிசி கொண்டாட, தான் குனிந்து நிற்கும் படத்தைத் தன் போனிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் அவருக்கு உதவியிருக்கிறது.

"35 ஜெயிச்சாங்க, 3 தோத்தாங்க. அந்த மூணும் யார்கிட்ட?"

இரண்டு டியூக்கிடம். ஜயன் வில்லியம்சனும் ஆர்ஜே பாரெட்டும் ஆடிய அணி அது. 16 ஆட்டம் தோற்காமல் போன வர்ஜீனியாவை ஜனவரி 19 அன்று 72–70 என்று நிறுத்தினார்கள். பிப்ரவரி 9-ல் சார்லட்ஸ்வில்லுக்கே வந்து 81–71. அன்று டியூக் 13 மூன்று புள்ளி ஷாட்டுகளைப் போட்டது. பேக் லைனின் குறை என்று சொன்னேனே, அதுதான். லெப்ரான் ஜேம்ஸே நேரில் வந்து பார்த்த ஆட்டம் அது.

மூன்றாவது, ஏசிசி போட்டியின் அரையிறுதியில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 69–59. லீக்கில் 16–2 என்று நார்த் கரோலினாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

"அடுத்த வருஷமும் 16-ம் சீட்கிட்ட மாட்டிக்கப் பார்த்தாங்களாமே?"

ஆமாம். கார்ட்னர்-வெப் என்ற சின்னக் கல்லூரி. முதல் பாதியில் ஒரு கட்டத்தில் 30–16 என்று 14 புள்ளி பின்னால் இருந்தார்கள். இடைவேளைக்கு 36–30. அரங்கில் இருந்த ஒவ்வொருவர் தலையிலும் ஒரே நினைப்புதான் ஓடியிருக்கும். இரண்டாம் பாதியில் தடுப்பு இறுகி, 71–56 என்று முடித்தார்கள். அடுத்து ஓக்லஹோமாவை 63–51, ஆரிகனை 53–49. ஆரிகன் ஆட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

"பர்டியூ மேட்ச்ல கடைசி ஆறு வினாடி, எத்தனை தடவை பார்த்தும் புரியல."

மெதுவாகச் சொல்கிறேன். மார்ச் 30, லூயிவில் நகரம். வென்றால் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. பர்டியூவின் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று ஆடியது வேறு ரகம்: 42 புள்ளி, அதில் 10 மூன்று புள்ளி ஷாட்டுகள். ஆனால் அணி 70–67 என்று முன்னால் இருக்கும்போது, 5.9 வினாடி மிச்சம். வர்ஜீனியா மூன்று புள்ளி எறிந்து சமன் செய்துவிடக்கூடாது என்று பர்டியூ வேண்டுமென்றே ஜெரோமை ஃபவுல் செய்கிறது. இரண்டு ஃப்ரீ த்ரோ. சரியான கணக்குதான்.

ஜெரோம் முதலாவதைப் போடுகிறார், 70–68. இரண்டாவது தவறுகிறது. கூட்டத்துக்குள் டியாகிட்டே எம்பி விரல் நுனியால் பந்தைப் பின்னால் தட்டிவிடுகிறார். அது யார் கையிலும் சிக்காமல் நடுக்கோட்டையும் தாண்டித் தன் பக்கத்துப் பாதிக்கே ஓடுகிறது. கிளார்க் துரத்திப் பிடிக்கிறார். பக்கத்திலேயே ஜெரோம் பந்தைக் கேட்டு நிற்கிறார். பெரும்பாலான பையன்கள் அவரிடம்தான் கொடுத்திருப்பார்கள், அல்லது பயத்தில் அங்கிருந்தே எறிந்திருப்பார்கள். கிளார்க் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கோர்ட்டின் பாதிக்கும் அப்பால் நிற்கும் டியாகிட்டேயிடம் நேர்க்கோட்டில் வீசுகிறார். டியாகிட்டே வாங்கிய வேகத்திலேயே எறிகிறார். விளக்கு எரிகிறது, பந்து உள்ளே. 70–70. ஓவர்டைமில் 80–75.

பந்தைத் தட்டியவரும் முடித்தவரும் ஒரே ஆள் என்பதைக் கவனியுங்கள். தட்டிய பிறகு அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை, திரும்பி நின்று கையை நீட்டித் தயாராக இருந்தார். பையன்களிடம் நான் நிறுத்தி நிறுத்திக் காட்டுவது அந்த ஒன்றரை வினாடியைத்தான்.

"ஆபர்ன் மேட்ச் ரெஃபரி போட்ட பிச்சைன்னு சொல்றாங்களே, நிஜமா?"

பாதி நிஜம். ஏப்ரல் 6, அரையிறுதி. ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கும்போது வர்ஜீனியா 57–47 என்று முன்னால் இருந்தது. அதன் பிறகு ஆபர்ன் தொடர்ந்து 14 புள்ளிகள் எடுத்து 61–57 ஆக்கியது. கைல் கை மூலையிலிருந்து ஒரு மூன்று, 61–60. ஆபர்னின் ஜாரெட் ஹார்ப்பர் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றை விட்டார், 62–60.

இப்போதுதான் தகராறு. பந்தைக் கொண்டு வரும்போது ஜெரோமின் காலில் பட்டுப் பந்து நழுவியது. அவர் இரண்டு கையாலும் எடுத்து மறுபடி தட்டினார். டபுள் ட்ரிபிள் என்ற தவறு அது, சந்தேகமே இல்லை. விசில் வரவில்லை. ஆபர்ன் ஒரு ஃபவுல் செய்து ஆட்டம் நின்றது. அடுத்து மூலையிலிருந்து கைல் கை எறிய, 0.6 வினாடி இருக்கும்போது ஆபர்னின் சாமிர் டவுட்டி அவரை ஃபவுல் செய்தார். மூன்று ஃப்ரீ த்ரோ. அந்த ஃபவுல் சரியான தீர்ப்பு, எறிந்தவர் இறங்கும் இடத்துக்குள் டவுட்டி உடம்பைக் கொண்டுபோய்விட்டார்.

கைல் கை தன் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். முதல் இரண்டையும் போட்டார், 62–62. ஆபர்ன் கோச் டைம் அவுட் கேட்டு அவரை யோசிக்க வைத்தார். மூன்றாவதும் உள்ளே போயிற்று, 63–62. விசில் விட்டுப்போனது அநியாயம். 70,000 பேருக்கு முன்னால் மூன்றையும் போட்டது விசில் அல்ல.

"ரீப்ளே பார்த்து மாத்தியிருக்கலாமே?"

முடியாது. டபுள் ட்ரிபிள் போன்றவற்றை ரீப்ளேயில் சரிபார்க்கக் கல்லூரி விதிகள் இடம் தரவில்லை. ஆனால் கடைசி நிமிடங்களில் பந்து யார் மேல் பட்டு வெளியே போனது என்பதை அன்று பார்க்க முடிந்தது. அது அடுத்த ஆட்டத்தில் வர்ஜீனியாவுக்கு உதவியது.

"ஃபைனல்?"

ஏப்ரல் 8 இரவு அங்கே, நமக்கு மறுநாள் காலை ஏழு மணி. எதிரே டெக்சஸ் டெக், அதுவும் தடுப்பில் பேய். இரண்டு அணிகளுக்குமே அதுதான் முதல் இறுதி ஆட்டம். இரண்டாம் பாதியில் வர்ஜீனியா 10 புள்ளி முன்னால் போய், அதையும் வழக்கம்போல் கோட்டைவிட்டது. 68–65 என்று பின்னால். ஜெரோம் உள்ளே புகுந்து எல்லோரையும் தன் பக்கம் இழுத்து, மூலையில் தனியே நின்ற ஹண்டருக்குக் கொடுத்தார். 12 வினாடி மிச்சம், மூன்று புள்ளி, சமன். இந்த நேரத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் அடுப்படிக்குப் போகவில்லை.

ஓவர்டைமில் 73–70 என்று டெக் முன்னால் போனது. வர்ஜீனியா இரண்டு புள்ளி எடுத்த பிறகு, ஹண்டர் இன்னொரு மூன்று போட்டு 75–73 ஆக்கினார். அப்புறம் அந்த ரீப்ளே: வெளியே போன பந்து டெக்கின் மொரெட்டி விரலில் கடைசியாக உரசியது, ஸ்லோ மோஷனில்தான் தெரிந்தது. ஓவர்டைமில் வர்ஜீனியா எடுத்த 17 புள்ளியில் 12 ஃப்ரீ த்ரோ, 12 எறிந்து 12-ம் உள்ளே. முடிவு 85–77. முதல் பாதியில் 5 புள்ளியோடு தடுமாறிய ஹண்டர் மொத்தம் 27 எடுத்தார். சிறந்த ஆட்டக்காரர் விருது 24 எடுத்த கைல் கைக்கு. நானாக இருந்தால் ஹண்டருக்குத்தான் கொடுத்திருப்பேன்.

"அப்ப இது வெறும் அதிர்ஷ்டம்தானே? இல்ல, பழிவாங்கலா?"

பழிவாங்கல் இல்லை, யூஎம்பிசி எதிரே வரவே இல்லையே. அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்க மாட்டேன். கடைசி மூன்று ஆட்டத்திலும் முடிய இருபது வினாடிகூட இல்லாத நேரத்தில் பின்தங்கி இருந்தார்கள். ஆனால் 'தூக்கம் வருதே' கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் பாருங்கள். மெதுவாக ஆடினால் ஆட்டம் நெருக்கமாகத்தான் முடியும். 2018-ல் அவர்களுக்கு ஆப்பு வைத்த அதே பழக்கம்தான் 2019-ல் அவர்களைக் கடைசி வினாடிகளில் நிறுத்தியது. சீசன் முழுக்க அந்த நிலையில் ஆடிப் பழகியவர்களுக்கு அங்கே கை நடுங்கவில்லை.

"வெள்ளை மாளிகைக்குப் போகலையாமே?"

போகவில்லை. சிலர் என்பிஏ தேர்வுக்குத் தயாராகிறார்கள், சிலர் வெளியேறுகிறார்கள், எல்லோரையும் சேர்ப்பது கஷ்டம் என்று பென்னட் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

"கோச் சம்பள உயர்வே வேண்டாம்னாராமே?"

ஆம், 2019 செப்டம்பரில். அந்தப் பணத்தை உதவிப் பயிற்சியாளர்களுக்கும் அணியின் வசதிகளுக்கும் கொடுக்கச் சொன்னார். ஆட்டக்காரர்களின் வேலைவாய்ப்புத் திட்டத்துக்குத் தன் மனைவியோடு சேர்ந்து 5 லட்சம் டாலர் தருவதாகவும் சொன்னார். 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஓய்வு பெற்றார். ஆட்டக்காரர்களுக்குப் பணம், வருடா வருடம் கல்லூரி மாறும் வசதி என்று மாறிவிட்ட சூழலுக்குத் தான் பொருத்தமானவன் அல்ல என்றார்.

"அடுத்த வருஷம் கப்பைக் காப்பாத்தினாங்களா?"

2020-ல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. ஆடாமலேயே இன்னொரு வருடம் நடப்புச் சாம்பியன். 2021-ல் முதல் சுற்றில் 13-ம் சீட்டான ஒஹாயோவிடம் 62–58. ஹண்டர் (4-வது தேர்வு), ஜெரோம் (24), கை (55) மூவரும் 2019-லேயே என்பிஏ போய்விட்டார்கள். ஒரு 16-ம் சீட் இரண்டாவது தடவையாக வென்றது 2023-ல், ஃபேர்லி டிக்கின்சன். தோற்றது யார் தெரியுமா? பர்டியூ.

"பாஸ் போட்ட அந்தக் குட்டிப் பையன் என்ன ஆனான்?"

கிளார்க் ஐந்து வருடம் வர்ஜீனியாவிலேயே ஆடினார். கடைசி ஆட்டம் 2023 மார்ச் 16, யூஎம்பிசி இரவுக்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து, ஓர்லாண்டோவில். எதிரே 13-ம் சீட் ஃபர்மன். சில வினாடிகளே மிச்சம், வர்ஜீனியா 67–65 முன்னால். பந்து கிளார்க் கையில். மூலையில் இருவர் நெருக்க, அவர் பந்தை உயரமாக நடுக்கோர்ட்டுப் பக்கம் வீசினார். அங்கே நின்றது ஃபர்மன் ஆள். அவர் பிடித்துக் கொடுக்க, ஜேபி பெகீஸ் மூன்று புள்ளி எறிந்தார், 68–67. கிளார்க் தலையில் கை வைத்தார்.

அந்த வீடியோவையும் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன், லூயிவில் பாஸ் முடிந்த உடனே. இரண்டும் ஒரே ஆள் போட்டது என்று முதலில் சொல்வதில்லை. சட்டை எண் 0-வைக் கவனிக்கிறார்களா என்று பார்ப்பேன்.